புரோகிராமுக்குத் தனிப்பெயர் வைத்த ரெஜினா

நாகலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, ரெஜினா மேடம் காலமானதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. பஸ்ஸும் வந்தது. நான் ஏறவில்லை. நம் காப்பி விவசாயிகள் சங்கத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. ஆனால் இந்தச் சம்பவம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஏற்காடு, நாகலூர், செம்மநத்தம் என மூன்று அலுவலகக் கணினிகளில் கோப்புகள் பிரிந்து கிடந்தாலும், எங்கிருந்து திறந்தாலும் ஒரே அலமாரிபோலத் தெரியும்படி அமைத்தவர் அவர். அதில் தினசரி மழையளவை எழுதும் புரோகிராமை, அவர் விடுப்பில் இருந்தபோது, நான் என் பெயரில் ஓட்டிவிட்டேன். என் பாஸ்வேர்டால் கிடைக்கும் அனுமதி ஒரு நாள்தான் செல்லும். அது தீர்ந்தால் புரோகிராமால் எதையும் எழுத முடியாது. இதைத் தெரிந்துகொண்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு வந்து பாஸ்வேர்டு அடித்தேன். ஞாயிறு, பொங்கல் எதற்கும் விடுமுறை இல்லை. இப்படி ஏழு மாதம்.

பிறகு சேலத்தில் எனக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். தள்ளிப்போட்டால் பார்வைக்கு ஆபத்து என்றார் டாக்டர். போனாலோ மழைப் பதிவு நின்று என் தவறு வெளியே வரும். தள்ளிப்போடச் சொல்லி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். அச்சுப்பொறியிலிருந்து அதை எடுத்தவர் ரெஜினா மேடம்.

"ஏனுங்க சார், கண்ண விட இங்க என்னங்க பெரிய வேல?"

சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏழு மாசமா அதுக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தீங்களாக்கும்! ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?"

"திட்டுவீங்கன்னு பயமுங்க."

"திட்டத்தான் போறேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அன்றே புரோகிராமுக்குத் தனிப்பெயரில் ஒரு பயனர் கணக்கு தொடங்கினார். பாஸ்வேர்டுக்குப் பதிலான அதன் சாவியை, புரோகிராம் ஓடும் கணினியிலேயே, பிறர் படிக்க முடியாத கோப்பில் வைத்தார். அனுமதி தீருமுன் இனி அதுவே புதுப்பித்துக்கொள்ளும். மழைப் பதிவுகள் உள்ள இடத்தில் மட்டும் எழுதும்.

"உங்க பேர்ல ஓடுனா, நீங்க தொறக்கறதெல்லாம் அதுவும் தொறக்குமுங்க. அது வேலைக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவு குடுத்தாப் போதும்" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் மருத்துவமனையிலிருந்து மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை, "கட்டு உங்க கண்ணுக்குத்தானுங்க சார், எனக்கில்ல. மழ பதிவாயிருச்சு, நானே பாத்துட்டேன். தூங்குங்க!" என்றார். தூங்கினேன். திரும்பி வந்ததும், சொன்னபடியே அரை மணி நேரம் திட்டினார், காப்பி வாங்கிக் கொடுத்து.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, தவறு செய்தால் முதல் நாளே சொல்லிவிடும் பழக்கம். முதல் நாள் என்பது சற்று மிகை. மூன்றாம் நாளுக்குள் சொல்லிவிடுகிறேன்.