நூறாம் ஆண்டுக்கு இரண்டு நாள் வேலை

ஜோங் பெய்-வென் அந்த வேலைக்கு எதிரே 'இரண்டு நாள்' என்று எழுதியது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு நவம்பரில். தைவானில் குடியரசு பிறந்ததிலிருந்துதான் ஆண்டுக் கணக்கு. வரும் ஜனவரியில் நூறு. சிறிய மருத்துவமனைகளின் மென்பொருளில் ஆண்டுக்கு இரண்டு இலக்க இடமே இருந்தது. இன்னொன்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தபடி இணையதளம் ஒன்றுக்கு இப்படி நிரல் எழுதிக் கொடுப்பவர் அவர். எத்தனை நாள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அத்தனை நாளுக்குத்தான் கூலி.

மூன்றாம் இலக்கம் சேர்ந்ததும் பட்டியல் குழம்பியது. நூறில் பிறக்கப்போகும் குழந்தை, பத்தாம் ஆண்டில் பிறந்ததாக எண்ணப்பட்டு, தொண்டு கிழவர்களுக்கான தடுப்பூசி வரிசையில் போய் நின்றது. அதைச் சரிசெய்தால் மருந்துச் சீட்டில் ஆண்டின் கடைசிச் சுழியம் வெட்டுப்பட்டது.

தைபேயிலிருந்து வேலை பங்கிடும் லியாவ் தொலைபேசியில் கேட்டான்.

"வென் அக்கா, மெஷின் மேல பச்சைப் பாக்கெட் வெச்சிருக்கீங்கல்ல?"

"வெக்காம இருப்பேனா? சோளப்பொரி, பச்சை, பிரிக்காதது." அந்தப் பாக்கெட் மேலே இருந்தால் இயந்திரம் மக்கர் செய்யாது என்பது அங்கே கணினிக்காரர்களின் நம்பிக்கை; தேதி முடிந்தால் பலிக்காது.

"தேதி பாத்தீங்களா?"

திருப்பிப் பார்த்தார். "அட, முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சுடா!"

"அப்புறம் எப்படிக்கா மெஷின் சொன்ன பேச்சு கேக்கும்? தேதி வேலைக்குத் தேதி முடிஞ்ச பாக்கெட்டா!"

சிரித்தார்கள். பிறகு பெய்-வென் சொன்னார்: "இருபத்துமூணு நாள் ஆச்சு, தம்பி."

"தெரியும்க்கா. ஆனா நீங்க எழுதுனது ரெண்டு."

"தொறந்து பாக்கறதுக்கு முந்தி உள்ள என்ன இருக்குன்னு எப்படிடா சொல்றது?"

"தெரியாதுன்னு எழுத அங்க இடம் இல்லையேக்கா."

மேசை இழுப்பறையில் கணினிச் சில்லுத் தொழிற்சாலையின் இரவுப்பணிக்கான விண்ணப்பப் படிவம் கிடந்தது. இரண்டு நாள் கூலிதான் வருமென்றால், மாதக் கடைசிக்குள் அதை நிரப்பியாக வேண்டும்.

படிவத்தை எடுக்கவில்லை. கடைசிப் பிழையையும் அன்றே சரிசெய்து முடித்தார். இருபத்துமூன்று நாளையும், ஒவ்வொரு நாளும் எதைத் தேடினார், எது அகப்பட்டது என்று தளத்தின் பொதுப் பக்கத்தில் எழுதினார். கடைசி வரி: 'முதல் நாள் எனக்குத் தெரியாது. அதை எழுத இடம் கொடுங்கள்.'

அடியில் ஹுவாலியன் ஊர்க்காரர் ஒருவர் சேர்த்தார்: 'மூன்று மணி நேரம் என்றேன். பதினோரு நாள்.' நான்கு நாளில் நாற்பது பேர் எழுதிவிட்டார்கள். லியாவ் எல்லாவற்றையும் அச்செடுத்து நிர்வாகிகளின் மேசையில் வைத்தான்.

"ரெண்டு மணி நேரம் கத்துனாங்கக்கா," என்றான் பிறகு. "அப்புறம் எத்தனை நாள் ஆகும்னு கேட்டாங்க, இந்த விதிய மாத்த. நான் தெரியாதுன்னேன்."

டிசம்பர் முடியுமுன் விதி மாறியது. 'தெரியாது' என்று குறிக்கலாம். குறித்தால் உழைத்த நாளுக்கெல்லாம் வாராவாரம் கூலி. இருபத்துமூன்று நாள் கூலியும் கைக்கு வந்தது. படிவத்தின் வெற்றுப் பக்கத்தில் அடுத்த வேலைக்கான குறிப்புகளைப் பெய்-வென் எழுதத் தொடங்கினார். ஜனவரி மூன்றாம் தேதி ஜுடோங் மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் சீட்டில் 100 முழுதாக அச்சானது.

இந்த வசந்தத்தில் பெய்-வென் காலமானார். இன்றும் தளத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் நாள் கணக்கு எழுதும் இடத்தில் கூச்சமில்லாமல் 'தெரியாது' என்று குறித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள்.