கொசு என்றொரு போர் விமானம்

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு ஒரு பழைய போர் விமானம் வந்து சேர்ந்தது. அதுவரை அங்கே இருந்தவை ஓட்டைச் சறுக்குமரம் ஒன்றும் ஆடுகள் மூன்றும்தான்.

விமானத்தின் வரலாற்றைச் சொல்லிப் பலகை வைக்க வேண்டும். அதே ரக விமானங்கள் இருந்த விமானப்படை ஸ்குவாட்ரனில் அப்பா பதினைந்து வருஷம் ஃபிட்டர், அதாவது மெக்கானிக். நான் தமிழ் டீச்சர். அவர் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. அப்பா முப்பது பக்கம் சொன்னார். பலகையிலோ ஆறு வரிதான் கொள்ளும், அதில் மூன்றைத் திறந்து வைப்பவரின் பட்டங்களே விழுங்கிவிட்டன.

"பேரு மட்டும் சரியா இருந்தா போதும்மா" என்று அப்பா இறங்கி வந்தார்.

விமானத்தின் பெயர் நாட். மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த பூங்கா செயலாளருக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"நாட்டு விமானம்ங்களா? நாட்டுக்கோழி மாதிரி?"

"இல்லைங்க. இங்கிலீஷ்காரன் வெச்ச பேரு. கொசு மாதிரி ஒரு பூச்சி" என்றார் அப்பா.

செயலாளர் முகம் சுருங்கியது. "கொள்ளிடக்கரை கொசுவுக்கே புகை அடிச்சு மாளலை. நாம அதுக்கு மேடை கட்டணுங்களா?"

"சின்னதா இருந்ததாலதாங்க எதிரி கண்ணுல படலை" என்றார் அப்பா. "உள்ளே உக்காந்தா முட்டி இடிக்கும். சுடற நேரம் பார்த்து பீரங்கி சிக்கிக்கும். அதை வெச்சுக்கிட்டுதான் எழுபத்தொண்ணுல எங்க ஆளுங்க சண்டை போட்டாங்க. கொசுவை எடுத்துட்டா எங்க கதையில என்னங்க மிச்சம்?"

செயலாளர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர். மறுநாள் என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"கருடன்னு போட்டுடலாம்மா. பெருமாள் வாகனம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பள்ளி நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன், அதுவும் நல்ல கையெழுத்தில். அப்பாவிடம் அவர் பேசவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

விழாவில் திறந்து வைக்க வந்த தலைவர் அரை மணி நேரம் கருடனின் சிறகு விரிவைப் புகழ்ந்தார், கழுத்தில் உட்கார்ந்த கொசுக்களை அடித்துக்கொண்டே. டவுன் பஸ் நீளம்கூட இல்லாத விமானம் பூமாலைகளுக்குள் மூச்சுமுட்ட நின்றது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விமானத்தின் மூக்கில் போட வேண்டியது வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று பின்வரிசையில் தகராறு தொடங்கியிருந்தது.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை இரண்டு முறை படித்தார். நான் வெட்கத்தில் சறுக்குமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தமிழ் நல்லா இருக்கும்மா" என்றார். "ஆனா இந்த விமானத்துல நான் வேலை பார்த்ததே இல்லையே."