மலைக்குத் தினமும் ஒரு சொல்

செய்தி வந்தபோது நான் காங்கேயத்திலிருந்து கோவைக்கு வரும் பேருந்தில் இருந்தேன். திங்கட்கிழமைக் காலை. எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு காலை வணக்கம் இருந்தது. அதன் கீழே, மூன்றாம் வகுப்பு ஆசிரியை சுகந்தி அவர்கள் அதிகாலையில் மாரடைப்பால் காலமானார் என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கைகள் முடிந்த இடத்தில், மாணவர்களின் காலணி அளவைப் பதிவேற்றாத பள்ளிகள் இன்றே பதிவேற்ற வேண்டும் என்று ஓர் அறிவிப்பு. யாரோ அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். தென்னந்தோப்புகள் வந்து போயின. எண்ணெய் மில் ஒன்றின் முன்னால் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. நான் தூங்கவில்லை. ஆனாலும் முழு விழிப்பிலும் இல்லை. சுகந்தி டீச்சரின் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. "என்ன கண்ணு தெரியுது? மெதுவாச் சொல்லு. பஸ்ஸா ஓடிப்போகுது?" பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனவே 'நல்ல ஆசிரியை' என்று எழுத மாட்டேன். மேட்டுப்பாளையத்தில் அவர் வீட்டுத் தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் 'அன்பான', 'பண்பான', 'நல்ல' எல்லாம் இருந்தன. எந்த முகத்துக்குக் கீழும் பொருந்துகிற சொற்கள். கடைக்காரர் கணினியிலேயே தயாராக வைத்திருப்பார். அதைப் பார்த்திருந்தால் டீச்சர் சிரித்திருப்பார். அவருடைய ஆங்கில வகுப்பில் மூன்று சொற்களுக்கு நிரந்தர விடுமுறை: குட், நைஸ், பியூட்டிஃபுல். "பாவம், ஊரே அதுகளைத்தான் வேலை வாங்குது. நம்ம கிளாஸ்லயாவது படுத்துத் தூங்கட்டும்" என்பார். பியூட்டிஃபுல்லுக்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. சுவரில் தொங்கிய அட்டையில் அந்தச் சொல்லுக்கு நேரே வெள்ளைத்தோல் பெண் ஒருத்தி நின்றாள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அந்த நிறம் கிடையாது. டீச்சர் அட்டையைக் கிழிக்கவில்லை, யாரிடமும் புகார் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினார்.

எங்கள் பள்ளி பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஊரில் பாதிப் பேர் பட்டறைக்கும், இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் தனியார் பள்ளி வேன்கள் சந்து சந்தாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அந்த வேனுக்குக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் எங்களிடம் மிச்சம். இதை மெருகு போட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வராந்தாவிலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். காலை வெயில் நேராக அதன் மேல் விழும். அதற்குக் கட்டணம் இல்லை.

பிரார்த்தனை முடிந்ததும் மூன்றாம் வகுப்பு வராந்தாவில் வரிசையாக உட்காரும். மலைக்கு அன்றைக்கு ஒரு சொல் வேண்டும், ஆங்கிலத்தில். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது. ப்ளூ, பிக், டால் எல்லாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகுதான் பாடம். பிள்ளைகள் மலையை நிஜமாகவே பார்க்க ஆரம்பிப்பார்கள். "டீச்சர், அது தூங்குதுங்க" என்பான் ஒருவன். "ஸ்லீப்பி" என்பார் டீச்சர். உடனே எல்லாரும் தாழ்ந்த குரலில், மலை எழுந்துவிடாதபடி, "ஸ்லீப்பிங்க" என்பார்கள். ஆங்கிலச் சொல்லுக்கும் 'ங்க' போட்டு மரியாதை கொடுக்கிற பிள்ளைகள். வெட், கோல்ட், ஃபார் எல்லாம் அவர்கள் வாயில் வெட்டுங்க, கோல்டுங்க, ஃபாருங்க. டீச்சர் அதைத் திருத்தியதே இல்லை. அட்ஜெக்டிவ் என்ற பெயரையும் அவர் அந்த வகுப்பில் உச்சரித்ததில்லை. "பேரு அப்புறம் வரட்டும், ஆளு மொதல்ல வரட்டும்" என்பார்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காதபோது தமிழில் வரும். பிசுபிசு, சொரசொர, வழவழ, மொறுமொறு. அதற்கு அவருக்கே ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் மழுப்ப மாட்டார். "தெரியலையே கண்ணு. தேடிட்டு வாரேன்" என்பார். மறுநாள் கொண்டுவந்துவிடுவார். ஒரு முறை ஆசிரியர் அறையில், நம் பிள்ளைகளுக்குச் சொல்வளம் இல்லை என்று யாரோ சலித்துக்கொண்டபோது டீச்சர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு நிமிர்ந்தார். "சொல்லு இல்லீன்னு யாருங்க சொன்னது? மூட்டை மூட்டையா வெச்சிருக்கறாங்க. இங்கிலீஷ்லதான் இல்லை. அது கடைச் சரக்கு, வாங்கிக்கலாம்."

கைக்குச் சொல் தேடிய வகுப்பு ஒன்று நினைவிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் யாருடைய கையையாவது நினைக்க வேண்டும், அதற்கு ஒரு சொல் தர வேண்டும். ஜன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பே மூடிய கண்களோடு, ஏதோ நீருக்குள் இருப்பதுபோல் அசையாமல் இருந்தது. ஸாஃப்ட் என்றது ஒரு குரல். ரஃப் என்றது இன்னொன்று. தாரணி என்ற பெண் நெடுநேரம் பேசவில்லை. டீச்சரும் காத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஹாட்டுங்க டீச்சர். எங்கம்மா கை" என்றாள். அவள் அம்மா பவுண்டரியில் மண் அச்சு செய்கிற வேலைக்குப் போகிறவர். டீச்சர் பாராட்டவில்லை, பரிதாபப்படவும் இல்லை. "ஹாட்" என்று திருப்பிச் சொல்லி அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார்.

எனக்கும் அவருக்கும் இதில் சண்டை உண்டு. நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன், வயதில் சிறியவன், வாயில் பெரியவன். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "டீச்சர், மலையைப் பாத்து என்ன பண்ணப் போறாங்க? இவங்க அப்பன் ஆத்தாளுக்கு நெஞ்சு பூராப் புகை. அந்தப் புகைக்கு ஒரு சொல்லு கேளுங்க."

"மலையை ஒழுங்காப் பாக்கப் பழகின புள்ளை புகையையும் ஒழுங்காத்தான் பாக்குமுங்க சார்."

"பாத்து?"

"சொல்லும்."

"சொல்லி?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட அஞ்சாங்கிளாசுக்கு அனுப்பறேன். எல்லாத்தையும் நானே பண்ணிப்போட்டா நீங்க எதுக்குங்க சம்பளம் வாங்கறீங்க?"

இந்தப் பதிலில் எனக்கு முழுச் சம்மதம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மலையைப் பார்த்தே வாழ்ந்து முடிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அதை அவரிடம் இன்னும் பல வருடம் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன பருவத்தில் கற்றல் நிலையைச் சோதிக்க ஆள் வந்தார்கள். பி.எட். படிக்கிற ஒரு பெண், கையில் டேப்லெட். திரையில் படம் வரும், பிள்ளை சொல்ல வேண்டும், அவள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆப்பிள் படம் வந்தது. தி ஆப்பிள் இஸ்? பெட்டிக்குள் இருந்த விடை 'ரெட்'. தாரணி சற்று யோசித்து, "காஸ்ட்லிங்க" என்றாள். தவறு. அடுத்தவன் "கோல்டுங்க" என்றான், கடையில் ஃப்ரிட்ஜுக்குள் பார்த்தவன். தவறு. யானைக்கு 'பிக்' என்று வர வேண்டும். ஒரு பிள்ளை 'ஸேட்' என்றது, சோகமாம். கோயில் யானையின் கால் சங்கிலியைப் பார்த்த பிள்ளை. தவறு. மாலைக்குள் எங்கள் மூன்றாம் வகுப்பு பட்டியலில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போயிற்று.

தலைமையாசிரியர் கொடுமைக்காரர் அல்ல. மேலிருந்து வரும் போனுக்கு நடுங்குகிறவர். டீச்சரையும் என்னையும் சேர்த்தே கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஆப்பிளு செவப்புன்னு சொல்லித்தர முடியாதுங்களா? அடுத்த மாசம் திரும்ப வாராங்க. அப்பவும் இப்படின்னா மூணாங்கிளாஸ் இங்கிலீஷைச் சார்கிட்டக் குடுத்துருவேன். நீங்க பதிவேத்தற வேலையைப் பாத்துக்கங்க. எனக்கு வேற வழியில்லீங்க."

வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வகுப்பு போய்விடும் என்ற பயம் அதில் அப்பட்டமாக இருந்தது. "உங்ககிட்ட வந்துச்சுன்னா எடுத்துக்கங்க சார். யாருக்கோ போறதுக்கு உங்களுக்கு வரட்டும். மலையை மட்டும் விட்டுப்போடாதீங்க" என்றார். நான் கோபத்தில் ஏதோ கத்தினேன். அந்த டேப்லெட்டைச் செய்தவன் ஒரு நாளாவது இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறானா என்று கேட்டேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் ஓர் ஆப்பிள் வாங்கி வந்தார். ஒரே ஆப்பிள். அதைக் காகிதம்போல் மெல்லிய துண்டுகளாக நறுக்கி ஆளுக்கு ஒன்று நாக்கில் வைத்தார். கண்ணை மூடச் சொன்னார். மென்று விழுங்கக் கூடாது, தானாகக் கரையும்வரை வைத்திருக்க வேண்டும். வெளியே மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் எங்கேயோ வெகுதூரம் போய்விட்டதுபோல் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஸ்வீட்டுங்க. வெட்டுங்க. கடைசியில் தாரணி கண்ணைத் திறந்து, "ஷார்ட்டுங்க டீச்சர்" என்றாள்.

"ஏன் அம்மணி?"

"சீக்கிரம் தீந்துபோச்சுங்க."

டீச்சர் சிரித்துவிட்டுப் பிள்ளைகளைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்தார். "பொட்டிக்காரங்க திரும்ப வருவாங்க. அவிங்க பொட்டிக்குள்ள ஒரு சொல்லு இருக்குது. அதை அவிங்களுக்கே குடுத்துருவோம். ஊட்டுக்கு வாரவங்களுக்குத் தண்ணி குடுக்கறாப்பலதான். நம்ம சொல்லு நம்மகிட்டயே இருக்கும். எங்கயும் போயிராது."

அடுத்த மாதம் அதே பெண் வந்தாள். ஆப்பிள் வந்தது. ரெட். யானை வந்தது. பிக். பிள்ளைகள் ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்கள். பொத்தான்கள் பச்சையாக எரிந்தன. தலைமையாசிரியர் கதவோரம் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் தரையைப் பார்த்தபடி நின்றார். வகுப்பு கைவிட்டுப் போகவில்லை, ஆனால் அந்த நிமிடம் அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. அந்தப் பெண் டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைக்கும்போது தாரணி எழுந்தாள்.

"அக்கா, எங்க சொல்லும் வேணுங்களா?"

"உங்க சொல்லா? அப்படின்னா?"

"ஆப்பிளுக்குங்க. எங்ககிட்ட வேற இருக்குதுங்க."

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மதிய மணி அடிக்கும்வரை பிள்ளைகள் அவளுக்குச் சொற்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பொத்தானிலும் பதிவாகாத சொற்கள். டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

செய்தி வந்த அந்தத் திங்கட்கிழமை மதியம் மேட்டுப்பாளையத்தில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஊட்டி போகும் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடந்தன. அவருடைய கணவர் பாக்கு மண்டியில் எடை போடுகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டார், பேசினார். "ஊட்லயும் இதேதானுங்க சார். கொழம்பு எப்படீன்னு கேப்பா. நல்லாருக்குதுன்னா ஒத்துக்க மாட்டா. வேற சொல்லுங்கம்பா. நேத்து ராத்திரியும் கேட்டா. எனக்கு மண்டியில அலுப்பு, நல்லாருக்குதுன்னுபோட்டு எந்திரிச்சுட்டேன்." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அந்த இடத்தில் யாரிடம் சொல் இருக்கும்?

மறுநாள் காலை தலைமையாசிரியர் என்னிடம், "மூணாங்கிளாஸையும் பாத்துக்கங்க சார்" என்றார். சோதனையில் தோற்றிருந்தால் என்னிடம் வந்திருக்கக்கூடிய அதே வகுப்பு, அவர் ஜெயித்த பிறகு இப்படி வந்தது. பாடம் வேண்டாம், விட்டுவிடலாம் என்று எண்ணிக்கொண்டே போனேன். பிள்ளைகள் ஏற்கெனவே வராந்தாவில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மேகமே இல்லாத காலை. மலை மடிப்பு மடிப்பாக, பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தெரிந்தது. நான் அவர்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். வாய்க்குள் ஏதேதோ ஆறுதல் வார்த்தைகள் வந்தன. பேசவில்லை. டீச்சர் காத்திருந்ததுபோல் காத்திருந்தேன். வெயில் மலையின் மேலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது.

"சேமுங்க சார்" என்றாள் தாரணி, திரும்பாமலே.

ஒன்றிரண்டு பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர் இல்லீங்க. அது மட்டும் அப்படியே சேமா இருக்குதுங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. மலை மேல் கோபம் இருந்தது.

பக்கத்தில் இருந்தவன் யோசித்தான். "முன்னாடி யாராச்சும் சொல்லிப்போட்டாங்களா?"

இல்லை, இதுவரை யாரும் சொன்னதில்லை. மற்றவர்கள் தலையசைத்து அதை ஒப்புக்கொண்டார்கள். நான் எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினேன்.

சுகந்தி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காத்திருப்பை. என் கோபத்தை நான் விடப்போவதில்லை. இந்த வராந்தாவில் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை கண்ணை மூடியிருக்கும்போது, அது திரும்பி வரும்வரை, நான் முதலில் பேச மாட்டேன்.