சட்டைக்குள் மறைவது

டெக்சாஸில் பெட்ரோல் நிலையம் நடத்தும் அத்தான், அந்தக் கோடையில் அக்காவோடு லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்குக் கைத்துப்பாக்கி தெரிவு செய்வது எப்படி என்று ஒரு நாள் காலைத் தேநீரிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டார். அதை வைத்திருந்தாலே சிறைக்கு அனுப்பும் லண்டனில் இருந்துகொண்டு!

“பெரிசா வாங்கினால் பாரமெண்டு வீட்டிலை வைச்சிட்டுப் போயிடுவாய், தம்பி. மெல்லிசா இருக்கவேணும். குனிஞ்சாலும் வெளியிலை தெரியப்படாது. சட்டையை ஒரு அளவு பெரிசா எடு.”

எனக்கு எதற்கு இந்த வித்தை? என் கடையில் களவு போவதெல்லாம் சாக்லேட்தான்.

அன்று கோயிலில் தேர்த் திருவிழா. வாசலில் ஆண்கள் எல்லோரும் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றினோம். வெறும் மேலோடு, வேட்டியில் நின்ற அத்தானின் கை பழக்கதோஷத்தில் இடுப்பைத் தடவியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அங்கை கோயிலுக்குப் போகேக்கை அதை எங்கை ஒளிப்பியள், அத்தான்?”

அவர் சிரிக்கவில்லை.

“கழட்டி வைக்கப் பயம், தம்பி. அதை வாங்கின நாளிலையிருந்து அங்கை நான் கோயிலுக்குப் போறேல்லை.”