தரை பார்க்க வந்தவர்

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்கு நோயாளி என்று யாரும் வருவதில்லை. எல்லாரும் துணைக்கு வந்தவர்கள்தான். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணை; அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால், அவர் இவருக்குத் துணை. லிஃப்டில் மூன்றாம் எண்ணை அமுக்கவும் ஆளில்லை. நாலாவது மாடிக்குப் போய், அங்கிருந்து படி இறங்கி வருவார்கள். நாலில் பல் வைத்தியம். சொத்தைப் பல்லுக்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

மூன்றாவது மாடியை ஆள்கிறவர் புற்றுநோய் டாக்டர். வயது நாற்பத்தைந்து. குடும்பத்தின் முதல் டாக்டர். குடும்பமும் லேசுப்பட்டதல்ல. அவருடைய பெரியப்பா நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொத்தனாருக்குக் கலவை சுமந்து, பிறகு தானே டைல்ஸ் பதித்து, இன்று பெரிய டைல்ஸ் கடைக்கு முதலாளி. இப்படி ஒரு மனுஷன் முன்னுக்கு வருவது டாக்டர் ஆவதைவிடக் கஷ்டம். சந்தேகம் இருப்பவர்கள் உச்சி வெயிலில் ஒரு மொட்டைமாடிக்கு டைல்ஸ் பதித்துப் பார்க்கலாம்.

மேற்படிப்புக்கு எதை எடுப்பது என்ற பேச்சு வந்தபோது பெரியப்பா அடித்துச் சொன்னார்.

"புற்றுநோயா? அம்மாடி, போர்டைப் பாத்தாலே ஜனங்க எதிர்ப்பக்கம் ஓடுவாங்க. தோல் டாக்டருக்குப் படி. பரு வந்து எவனும் செத்ததில்ல, ஆனா பரு வந்து எவனும் சும்மா இருந்ததும் இல்ல. அதுக்குத்தான் எதிர்காலம்."

பெண் கேட்கவில்லை. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறார். நாலு பேர் கூடுகிற இடத்தில் இதய டாக்டரைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். இவர் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். சும்மா நலம் விசாரிக்க ஃபோன் போட்டால்கூட, "ஐயோ, ரிசல்ட் வந்துருச்சா?" என்று எடுத்தவர் அலறுவார். நோய் குணமானால் கடவுள் காப்பாற்றினார். குணமாகாவிட்டால் டாக்டர் சரியாகக் கவனிக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டர் ஒருத்தி கேட்டாள்: "மேடம், இந்தத் துறையில எதிர்காலம் எப்படி?"

"கூட்டத்துக்குக் குறைவே இல்லம்மா. நன்றிக்குத்தான் பஞ்சம். அதோ அந்த டீச்சரைப் பாரு. வருஷா வருஷம் செக்கப்புக்கு வந்து, 'காக்க வெச்சே கொல்றீங்க'ன்னு என்னைத் திட்டிட்டுப் போவாங்க. பத்து வருஷமா உயிரோட வந்து திட்டுறாங்க பாரு, அதுதான் நம்ம சம்பாத்தியம்."

அப்படிச் சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண்ணில், கூடத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பட்டார். டோக்கன் வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா, இங்க?"

"நம்ம கை பதிச்ச தரைம்மா. எப்படி உழைக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரையால் அல்ல, குரலால். கடை வாசலில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால் கோடவுனில் தூங்குகிறவன் எழுந்து ஓடி வருவான். அந்தக் குரல் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி கரகரத்தது.

"தொண்டை என்னாச்சு?"

"லோடு இறக்குற தூசி."

"எவ்வளவு நாளா?"

"தூசி என்ன நேத்தா வந்துச்சு?"

"உள்ள வாங்க, ஒரு தடவை பாத்துடலாம்."

"எனக்கா? நான் தரை பாக்க வந்தவன்மா."

குரல்வளையில் கட்டி இருந்து, தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால், கதிர்வீச்சு கொடுத்துக் குரலை மீட்டுவிடலாம். வளரவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம். வாயை வைத்துக் கடை கட்டிய ஆளுக்கு அப்புறம் என்ன மிஞ்சும்? கையைப் பிடித்து இழுக்கலாம் என்று பார்த்தால், அந்த நேரம் பார்த்துப் படியிறங்கி வந்தார் சம்பந்தி. பெரியப்பா மகளின் மாமனார், லாரி முதலாளி.

"அடடே, சம்பந்தி! நீங்க எங்க இங்க?"

"தரை பாக்க வந்தேன். நீங்க?"

"மேல பல்லு காட்ட வந்தேன். கால் தப்பி இங்க இறங்கிட்டேன்." சொன்னவர் தோளில் இருந்த வீக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இனி யார் முதலில் எழுந்து உள்ளே போனாலும் மானம் போச்சு. பெரியப்பா மெல்ல எழுந்தார். உள்ளே போக அல்ல, வீட்டுக்குப் போக. இன்று போனால் மறுபடி இந்த மாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று டாக்டருக்கு நன்றாகத் தெரியும்.

கூடமே கேட்கும்படி டாக்டர் குரலை உயர்த்தினார்.

"பெரியப்பா, ஸ்கோப் ரூம்ல நீங்க பதிச்ச டைல்ஸ் ஒண்ணு விரிஞ்சு போச்சு!"

பெரியப்பா அப்படியே நின்றார். சம்பந்தி உதட்டுக்குள் சிரித்தார்.

"என் டைல்ஸா? விரிஞ்சுதா? எவன் சொன்னான்?" கரகரத்த குரலிலும் கோபம் கொப்பளித்தது. "காட்டும்மா!"

விறுவிறுவென்று உள்ளே போனார். குனிந்து மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்த்தார். நாற்காலியை நகர்த்திப் பார்த்தார். நிமிரும்போது கதவு சாத்தியிருந்தது.

"ஒரு கீறல்கூட இல்லியே!"

"இல்லதான். உங்க வேலையில குறை சொல்ல முடியுமா? உக்காருங்க. வாயைத் திறங்க."

கொஞ்ச நேரம் முறைத்தார். கடைசியில் உட்கார்ந்தார்.

"வெளிய இருக்கறவர்கிட்ட சொல்லிடாதம்மா," என்றார், குரலே எழும்பாமல்.

ஸ்கோப் கேமராவைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான் என்று உறுதியானது. நல்ல வேளையாகத் தொடக்கம். வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சுக்கு வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் ஆஸ்பத்திரித் தரையைப் பழுது பார்ப்பதாகச் சொன்னார். சம்பந்தியின் வீக்கம் வெறும் கொழுப்புக் கட்டி. அவர் அதற்குப் பிறகு லிஃப்டில் தைரியமாக மூன்றாம் எண்ணை அமுக்கினார் என்று கேள்வி.

குரல் திரும்பச் சில மாதம் பிடித்தது. பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் நடுவில் அது முழு வீச்சில் முழங்கியது.

"இந்தக் காலத்துல படிச்சா புற்றுநோய்க்குத்தான் படிக்கணும். அதுக்குத்தான் எதிர்காலம்! எங்க வீட்டுப் பொண்ணு பருவுக்குப் படிக்கிறேன்னு நின்னா. நான்தான் அதட்டி இதுல சேத்துவிட்டேன்."

சம்பந்தி விடவில்லை. "அந்தத் துறையைப் பத்தி உங்களுக்கு எப்படிங்க இவ்வளவு தெரியும்?"

"தரை பாக்கப் போனப்போ கவனிச்சேன்!"

சத்தம் அடுத்த தெருவரை கேட்டிருக்கும். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர், அந்தக் குரலில் எங்காவது கரகரப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றுதான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை.