டெல்பினா பேசிய விளம்பரம்

பால்தோமேரோ இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் தெற்கு எல்லையில் உள்ள சான் எஃப்ரேனில் ஞாயிறு என்றால் மாட்டுத்தலைக் கறிதான். இரவெல்லாம் குழியில் வெந்த கறியை விடியும்போதே வரிசையில் நின்று வாங்கிவிட வேண்டும். பூசை முடிந்து போனால் எலும்புதான் மிஞ்சும். அவர் கறியும் சோள ரொட்டியும் வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலை நாற்சந்தியைக் கடக்கும்போது, தெற்கே எல்லை ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஒரு பிக்கப் வண்டி சிவப்பு விளக்கை மதிக்காமல் பாய்ந்து அவரை அடித்தது. பின்னால் மாநிலப் போலீஸ் துரத்திக்கொண்டு வந்தது. பிக்கப்பின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில், ஆற்றைத் தாண்டி வந்த ஆட்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் இருவர் செத்துப்போனார்கள். பால்தோமேரோவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கவே வேலை இல்லாமல் போயிற்று.

வண்டியை ஓட்டியவன் சான் அந்தோனியோ பையன். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். யாரோ போனில் பேசிவிட்ட கூலிக்காக ஆள் ஏற்றிப்போக வந்திருக்கிறான். ஷெரீஃப் வீட்டுக்கே வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். பால்தோமேரோவின் மனைவி டெல்பினா தலையை ஆட்டினாள். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஊரில் பாதிப் பேரை அவர்கள் மூக்கொழுகும் வயதிலேயே தெரியும். பால்தோமேரோ வீட்டை ஒட்டிய கொட்டகையில் வண்டி ரிப்பேர் பார்த்தார். ஒரே மகள் கல்யாணமாகி டல்லாஸில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு நியெவெஸ்தான் அந்த மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவது 'கொமாத்ரே' என்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம்.

நியெவெஸ் ஆற்றைத் தாண்டி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த கையோடு புருஷன் எங்கோ போய்விட்டான். கோயிலைப் பெருக்கி மெழுகி, கிறிஸ்துமஸ் சமயத்தில் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்து விற்று, இங்கே பிறந்த மகள் யாதிராவை நர்ஸ் வேலைக்குப் படிக்க வைத்துவிட்டாள். இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் மட்டும் கிடையாது. ஊருக்குள் இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. வடக்கே போகிற சாலையில் எல்லைப் போலீஸின் சோதனைச் சாவடி இருப்பதால் அவளுடைய உலகம் அதற்கு இந்தப் பக்கத்தோடு முடிந்தது. யாதிரா சான் அந்தோனியோவில் பட்டம் வாங்கிய அன்று, டெல்பினாதான் அம்மா ஸ்தானத்தில் போய் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தாள்.

பால்தோமேரோ போன பிறகு ஒன்பது மாலையும் வீட்டில் செபமாலை சொன்னது நியெவெஸ்தான். டெல்பினா படுக்கையைவிட்டு எழாத நாட்களில் கோழி ரசத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள்.

"வாயத் திற, கொமாத்ரே."

"பசிக்கல."

"பசிக்குதான்னு யாரு கேட்டா? ஆறிடுச்சுன்னா மறுபடி சூடு பண்ணணும், அது எனக்குத்தான் வேலை."

லெயாந்த்ரோ வந்தது அதற்குப் பிறகு, இலையுதிர் காலத்தில். பால்தோமேரோவின் அக்கா மகன். வக்கீல். அப்பன் குடித்துக் கெட்டதால் பாதி நாள் மாமன் கொட்டகையிலேயே வளர்ந்தவன். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்தவன். மாநில செனட்டுக்கு நிற்கப்போகிறேன் என்று டெல்பினாவின் சமையலறையில்தான் முதலில் சொன்னான்.

"எதுக்குடா உனக்கு இந்த வேலை?" என்றாள்.

"மாமா செத்ததுக்கு அப்புறமும் அந்த நாற்சந்தியில ரெண்டு தடவை மோதியாச்சு அத்தை. போலீஸ் துரத்திட்டு வருதுன்னு வாரத்துக்கு ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துக் கதவ சாத்திட்டுப் பிள்ளைங்கள பெஞ்சுக்கு அடியில உட்கார வைக்கிறாங்க. உன் பஸ்ஸுக்கே அன்னைக்கு ஒரு வண்டி குறுக்க பாஞ்சுதே. வாஷிங்டன்ல இருக்கறவனுக்கு நம்ம ஊரு எந்தத் திசைன்னுகூடத் தெரியாது. மாநிலமே காவல் போடணும், மாநிலமே வேலி கட்டணும். ஆள் கடத்தறவன உள்ள தள்ளணும். தாண்டி வர்றதையே மாநிலச் சட்டத்துல குத்தம் ஆக்கணும். வேற வழி எனக்குத் தெரியல."

அவன் ஓட்டுக்காகப் பேசவில்லை. கண் கலங்கியிருந்தது. டெல்பினாவுக்கும் அவன் சொன்னதில் பிழை தெரியவில்லை. பஸ் ஓட்டும்போது கண்ணாடியில் போலீஸின் நீலவிளக்கு தெரிந்தாலே ஓரங்கட்டி நிறுத்திவிடுவாள்.

"நடந்தத நீ உன் வாயால சொல்லு அத்தை. நான் மேடையில கத்தறதவிட அது பெருசு."

தேர்தல் விளம்பரம் எடுக்கக் கேமராக்காரர்கள் வந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்னால் பால்தோமேரோவின் படத்தை மாட்டினார்கள். அவள் நிறையப் பேசினாள். கறி வாங்கப் போனதை, ரொட்டிப் பொட்டலம் ரோட்டில் சிதறிக் கிடந்ததை, ஓட்டினவன் சான் அந்தோனியோ பையன் என்பதை, தார்ப்பாய்க்கு அடியில் செத்தவர்களில் ஒருத்தி மகள் வயதுப் பெண் என்பதை, எல்லாவற்றையும் சொன்னாள். பேசப் பேச எங்கேயோ அடைத்திருந்தது உடைந்துவிட்டது. "ஆத்துல ஒழுங்கா ஒரு வேலி இருந்திருந்தா என் வீட்டுக்காரர் அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டிருப்பாரு. அவங்கள உள்ள விட்டவங்கதான் அவரக் கொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

விளம்பரத்தில் அந்தக் கடைசி இரண்டு வரிதான் இருந்தது. அவள் அழுவதற்கும் லெயாந்த்ரோ நடந்து வருவதற்கும் நடுவில், இருட்டில் ஆற்றைக் கடக்கும் கூட்டம் ஒன்றைக் காட்டினார்கள். எந்த ஊரில், எந்த வருடம் எடுத்ததோ. இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

டிவியில் ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் அது ஓடியது. மறுநாள் பஸ் நிறுத்துமிடத்தில் சுயோ என்ற டிரைவர் காபிக் கோப்பையோடு வந்தான்.

"சினிமாக்காரிக்கு வணக்கம். இனிமே எங்களோட பஸ் ஓட்டுவியா, இல்ல ஆஸ்டின்ல பங்களா குடுத்துட்டாங்களா?"

"போய் உன் டயர்ல காத்து பாரு."

"சும்மா சொல்லக் கூடாது, நல்லா அழுத. எங்க அம்மாவே அழுதுட்டா. அவ ஆத்துல நீந்தி வந்தவ, அதையும் மறந்துட்டு அழுதா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்பினாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நியெவெஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல வந்தாள், ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். பேச்சுக்கு நடுவில் டெல்பினாவே பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"விளம்பரம் பாத்தியா, கொமாத்ரே?"

"பாத்தேன். தலைய வாரியிருக்கலாம் நீ."

"நான் உன்னச் சொல்லல."

"தெரியும்." நியெவெஸ் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "உன்கூடப் பேசறப்ப தெரியுது. டிவியில பாக்கறப்பதான் தெரிய மாட்டேங்குது."

அன்று மாலையே டெல்பினா லெயாந்த்ரோவின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். சுவரெல்லாம் பால்தோமேரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டினவன் இங்கயே பொறந்தவன்னு நான் சொன்னேனே, அது எங்கடா?"

"அது உண்மைதான் அத்தை. ஆனா முப்பது நொடியில எத்தன உண்மையத்தான் வைக்கிறது?"

"நியெவெஸ் பாக்குறாடா. நீ காய்ச்சல்ல கெடந்தப்ப ஈரத்துணி போட்டவ."

"நியெவெஸ் மாதிரி ஆளுங்களப் பத்தி நான் பேசவே இல்ல. கடத்தறவன், கொள்ளைக்காரன், அவங்களச் சொல்றேன்."

"நீ போடப்போற சட்டத்துல நியெவெஸ் மாதிரி ஆளுக்குன்னு தனியா ஒரு வரி இருக்குமா?"

அவன் மேசையில் கிடந்த துண்டறிக்கைகளை அடுக்கினான். "ஜெயிக்கட்டும் அத்தை. அப்புறம் பாக்கலாம்" என்றான்.

ஜெயித்தான். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தான். சான் எஃப்ரேனில் அவனுக்கு ஓட்டுப் போடாத தெரு இல்லை. டெல்பினாவும் அவனுக்குத்தான் போட்டாள். வீட்டுக்காரரின் அக்கா மகன், அவர் செத்த துக்கம், நாற்சந்தியின் பயம், எல்லாம் சேர்ந்து விரலை அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போயிற்று. வெளியே வந்து காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சட்டமும் வந்தது. அதன் மேல் வழக்குப் போட்டார்கள், ஒரு கோர்ட் நிறுத்தியது, இன்னொன்று விட்டது. இன்று செல்லுமா செல்லாதா என்று வக்கீலுக்கே தெரியவில்லை, கோயில் பெருக்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ணுக்குத் தெரிந்தது கறுப்பு வெள்ளை மாநிலப் போலீஸ் வண்டிகள்தான். பெட்ரோல் பங்கில், கோழிக்கடை வாசலில், ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்குக்கு எதிரில் நின்றன. யாரையும் பெரிதாகப் பிடித்ததாகத் தெரியவில்லை. நின்றதே போதுமானதாக இருந்தது. கிளினிக் வராந்தாவில் கூட்டம் குறைந்தது. நியெவெஸ் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவதை நிறுத்தினாள். வயிற்று வலி என்று சொன்னபோது டெல்பினா, "என் கார்ல வா, யாரு கேக்கறா பாப்போம்" என்றாள். "வாயுதான், சீரகத் தண்ணி குடிச்சா போயிடும்" என்று நியெவெஸ் தட்டிக் கழித்தாள். ஒரு குளிர்காலம் முழுக்கத் தட்டிக் கழித்தாள்.

கண் மஞ்சளான பிறகுதான் டெல்பினா அவளைக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோனாள். அன்றைக்குக் கிளினிக் எதிரில் போலீஸ் வண்டி எதுவும் இல்லை. டாக்டர் ஸ்கேன் படத்தில் கட்டியைப் பார்த்துவிட்டு, இது இங்கே ஆகாது, சான் அந்தோனியோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். முன்னாலேயே வந்திருக்கலாம் என்றும் சொன்னார். சான் அந்தோனியோ சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம்.

டெல்பினா லெயாந்த்ரோவுக்குப் போன் செய்தாள். அவன் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருந்தான்.

"சாவடி மத்திய அரசோடது அத்தை. அதுல என் பேச்சு எடுபடாது."

"நீ செனட்டர்டா. ஒரு போன் பண்ணு."

"ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றான். கேட்டுத்தான் இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டு, முடியவில்லை என்றான். சாவடியில் மனு கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு விடுவார்கள், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் காவல் உட்காரும், குணமான கையோடு நாடு கடத்துவார்கள் என்றான்.

யாதிரா தான் வேலை பார்க்கும் கார்ப்பஸ் கிறிஸ்தியிலிருந்து ஓடி வந்தாள். அவளும் டெல்பினாவும் மனு கொடுக்கலாம் என்றார்கள். நியெவெஸ் கேட்கவில்லை.

"கட்டில்ல போலீஸ்காரன் பாக்கப் படுத்திருக்க மாட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் மான்தெரேயில என் தங்கச்சி இருக்கா. அங்க டாக்டருங்க இருக்காங்க. நான் நடந்து வந்த பாலத்துலயே நடந்து போறேன்."

"நடந்து வந்தியா? நீந்தியில்ல வந்த" என்றாள் டெல்பினா, எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"போறப்பயாவது நனையாம போறேன்."

டெல்பினாதான் காரோட்டினாள். பாலம் வரைக்கும் நியெவெஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அமெரிக்கப் பக்கத்தில் வெளியே போகிறவர்களை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. நடைபாதைச் சுழல்கதவில் காசைப் போட்டால் அது சுற்றி வழி விடும். இறங்குமுன் நியெவெஸ் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து டெல்பினாவின் மடியில் வைத்தாள்.

"கோழிங்களுக்குத் தண்ணி வை. சேவல யாருக்கும் குடுத்துடாத, அது கொத்தும்."

"நியெவெஸ்" என்றாள் டெல்பினா. கொமாத்ரே என்று வாயில் வரவில்லை.

"ஏன், சண்டையா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

மான்தெரேயில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். கோடை தொடங்குமுன் நியெவெஸ் இறந்துபோனாள். டெல்பினா அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தாள். திரும்பி வரும்போது பாலத்தில் இருந்த அதிகாரி, அவள் மகள் வயதுதான் இருக்கும், பாஸ்போர்ட்டைப் பார்த்து, "பழம், இறைச்சி ஏதாவது கொண்டு வர்றீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றாள். விட்டுவிட்டான்.

யாதிரா வீட்டைக் காலி செய்ய வந்தாள். டெல்பினா காபி போட்டு வைத்துக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"வேண்டாம் பெரியம்மா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்தச் சமையலறையில என்னால உட்கார முடியாது. ஃபோன்ல இன்னும் அந்த விளம்பரம் வந்துக்கிட்டேதான் இருக்கு, தெரியுமா?"

அடுத்த தேர்தலுக்கு லெயாந்த்ரோ வந்தான். இளைத்திருந்தான். நாற்சந்தியில் மோதல் குறைந்திருக்கிறது என்றான். அது உண்மை. ஆள் கடத்துகிறவர்கள் இப்போது மேற்கே பண்ணை நிலங்கள் வழியாகப் போகிறார்கள். அங்கே முட்செடிக்குள் பிணங்கள் கிடைக்கின்றன. அதையும் அவனே சொன்னான், மறைக்கவில்லை. மறுபடி ஒரு விளம்பரம் வேண்டும் என்று கேட்டான்.

"மாட்டேன்."

"நான் செஞ்சது தப்புன்னு நினைக்கிறியா அத்தை?"

"எனக்குத் தெரியலடா. நாற்சந்தியில பஸ்ஸ நிறுத்தறப்ப இன்னைக்கும் பயமாத்தான் இருக்கு. வேலி வேணாம்னு நான் எங்கயும் போய்ப் பேசப்போறதில்ல. ஆனா உன் மாமா படத்த எடுத்துடு. அவரு கறி வாங்கப் போனவரு, அவ்வளவுதான்."

லெயாந்த்ரோ தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, எடுத்துவிடுகிறேன் என்றான். படத்தை எடுத்துவிட்டான், சொன்ன சொல் காப்பாற்றினான். மறுபடியும் ஜெயித்தான்.

நியெவெஸின் வீட்டை இப்போது ஒரு மாநிலப் போலீஸ்காரர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எல்லைக் காவலுக்காக வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மாதிரியான ஆட்கள். வந்த வாரமே அவர் மனைவி ஒரு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, "உங்க வீட்டுக்காரர் விஷயம் டிவியில பாத்தோம். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றாள். டெல்பினா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அவர்கள் சின்ன மகள் டெல்பினாவின் பஸ்ஸில்தான் போகிறது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் ஏதாவது கேட்கும்.

"எங்க வீட்டுல முன்னாடி யாரு இருந்தாங்க?" என்று ஒருநாள் கேட்டது.

"ஒரு அம்மா இருந்தாங்க."

"எங்க போனாங்க?"

டெல்பினா கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்தாள். "ஒழுங்கா உட்காரு, வளைவு வருது" என்றாள்.