வினோதினிக்குப் புது அளவு

சந்திரகலாவிடம் தைக்கக் கொடுப்பவர்களுக்கு அவள் வழக்கம் தெரியும். அளவுத் துணி கொண்டுவந்து கொடுத்தாலும் டேப்பைப் போட்டு ஒருமுறை அளக்காமல் கத்தரியைத் தொட மாட்டாள். "போன தீபாவளிக்குத்தானே அளந்தீங்க?" என்று யாராவது அலுத்துக்கொண்டால், "தீபாவளிக்கு அப்புறம் நீங்க சாப்புடவே இல்லையா?" என்பாள். பே கோபுரத் தெருவை ஒட்டிய சந்தில், வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பதினெட்டு வருடமாகத் தைக்கிறாள். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் அவளுடைய அளவு நோட்டில் அடித்து எழுதிய எண் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஆளுக்கு ஒரு பக்கம், கோடு போட்டு, தேதி போட்டு.

இப்போதிருக்கும் நோட்டின் முதல் பக்கம் தங்கை வினோதினியுடையது. பி.காம். முடித்து ஒரு தனியார் காப்பீட்டு அலுவலகத்தில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்த வாரம் எழுதியது. மார்பு முப்பத்து நாலு, இடுப்பு இருபத்தெட்டு. அந்தக் குடும்பத்தில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். "உன் தங்கச்சி ஆபீஸ்ல போட்டிருந்தாளே, அதே மாதிரி தெச்சுக் குடு" என்று யாராவது துணியோடு வந்து நின்றால், சந்திரகலா அதைக் காதில் வாங்காதவள்போல ஊசியில் நூல் கோப்பாள். அன்றைக்கு முழுக்க மெஷின் கொஞ்சம் வேகமாகவே ஓடும்.

வினோதினிக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதமும் சில நாளும் ஆகியிருந்தன. ஆபரேஷன் பிரசவம். பெண் குழந்தை, எழில். ஆறு மாத விடுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. கணவன் கலையரசனுக்கு ஓசூரில் வேலை. மாமியார் வீடு கீழ்பென்னாத்தூரில். அங்கிருந்து பஸ்ஸில் போய் வந்தால் குழந்தைக்கு நடுவில் பால் கொடுக்க முடியாது என்று அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். இங்கிருந்து ஆபீஸ் பத்து நிமிட நடை. குழந்தையைப் பகலில் சந்திரகலா பார்த்துக்கொள்வது, வினோதினி மதியம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது என்று ஏற்பாடு. மேனேஜர் போனில் மரியாதையாகத்தான் பேசினார். "திங்கக்கெழம வந்துடுவீங்கல்ல? வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க எடத்துல இருக்கற பொண்ணையே வெச்சுக்கறோம்."

பத்து நாளைக்கு முன்பு மூன்று செட் சுடிதாருக்குத் துணி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சந்திரகலா டேப்பைக் கையில் எடுத்தாள். வினோதினி சட்டென்று குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாக்கா. பழைய அளவுக்கே தெய்யி. வேணும்னா ஒரு இஞ்ச் சேத்துக்கோ."

"ஒரு இஞ்ச்சா?"

"இன்னும் ஒரு மாசத்துல எளச்சிடுவேன். அப்ப லூசா தொங்கும், நீதான் திட்டுவ."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பாள். அன்றைக்கு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பழைய அளவோடு ஒரு இஞ்ச் சேர்த்து வெட்டினாள். தங்கை மனம் நோகக் கூடாது என்பது பாதிதான் உண்மை. முதல் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறு எண் எழுத அவளுக்கும் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. விடியும்போதே சந்திரகலாவின் கணவன் முருகையன் ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி மறுநாள் காலையில்தான் வருவான். தெருமுனையில் கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் ஏற ஆரம்பித்திருந்தது. இரண்டு நாளாகக் குழந்தைக்குச் சளி. அக்காவும் தங்கையும் மாறி மாறித் தோளில் போட்டு நடந்ததில் இருவர் கண்ணும் எரிந்தன. பத்து மணிக்கு வினோதினி முதல் டாப்ஸைத் தலைவழியாக மாட்டினாள். வெளிர் நீலத்தில் பொடிப் பூப் போட்ட காட்டன்.

தோளைத் தாண்டியது. அப்புறம் நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே தூக்கியபடி, தலை துணிக்குள் இருக்க, அவள் அறை நடுவே நின்றாள்.

"அக்கா."

"இழுக்காத, கிழிஞ்சிடும்."

"மூச்சு முட்டுதுக்கா."

"கைய இன்னும் தூக்கு. அப்படியே குனி. ஆங்..."

"நான் இன்னா கரும்பா, மெஷின்ல குடுத்து வாங்கறதுக்கு?" என்றது துணிக்குள்ளிருந்து குரல். சிரிப்பு மாதிரி வந்து, பாதியில் அழுகையானது.

குழந்தையும் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் பால் சுரந்து புதுத்துணி முன்பக்கம் நனைந்தது. சந்திரகலா தையல்பிரிக்கும் ஊசியை எடுத்து, பக்கவாட்டுத் தையலைக் கக்கத்திலிருந்து கீழ்வரை பிரித்துத்தான் தங்கையை வெளியே எடுத்தாள். அவள் ஒழுங்காகப் போட்ட தையல், பிரிய நேரம் எடுத்தது.

வினோதினி துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். "நான் போகலக்கா. மேனேஜருக்கு மெசேஜ் போட்டுடறேன்."

"ஒரு துணிக்காகவா?"

"துணி மட்டுமா? ஆபரேஷன் தையல் மேலயே நாடா உக்காருது. பீரோல இருக்கறது ஒண்ணும் ஏறல. நைட்டியோட போய் உக்காரச் சொல்றியா? வரவங்கள்லாம் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கணும்."

போன் தரையில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. சந்திரகலா அதை எடுத்து ஜாஹிராவுக்கு அடித்தாள். துணி எடுத்தது ஜாஹிராவின் மேட்சிங் கடையில்தான்.

"அந்த நீலம் தீந்துபோச்சுக்கா. செவ்வாக்கெழமதான் வரும். நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஜாஸ்தி எடுத்துக்கோங்கன்னு? நீங்கதான் ரெண்டேகால் மீட்டர் தாராளமா போதும்னீங்க."

"ஆமா, சொன்ன" என்று வைத்துவிட்டாள். போதாது என்று அவள் கண்ணுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

போனைத் தங்கையிடம் தராமல் மெஷின் டிராயருக்குள் போட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"எழுந்திரு."

"அக்கா, வேணா..."

"என் மேலதான்டி தப்பு. ஊருக்கெல்லாம் அளந்து தெச்சிட்டு உனக்கு மட்டும் அளக்காம தெச்சேன். பால் குடிச்சு முடிச்சாளா? அவள இப்படிக் குடு. எழுந்திரு."

வினோதினி எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு, சந்திரகலா மெதுவாக அளந்தாள். மார்பு முப்பத்தொன்பது. இடுப்பு முப்பத்தாறு. கை பதிமூன்று. வழக்கமாக வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறவள், அன்று சொல்லாமல் எழுதினாள். பழைய பக்கத்தை அடிக்கவில்லை. நோட்டின் கடைசியில் புதுப் பக்கம் எடுத்து, கோடு போட்டு, தேதி போட்டாள்.

துணிக்கு எங்கே போவது? துப்பட்டாவை விரித்துப் பார்த்தாள். கருநீலம், இரண்டரை மீட்டர். ஓரத்திலிருந்து அரை மீட்டரை வெட்டினாள். பக்கத்துக்கு மூன்று இஞ்ச் பட்டையாக, கையின் அடியிலிருந்து கீழ் ஓரம் வரை உள்ளே வைத்துத் தைத்தால் அகலம் கிடைக்கும். எதிரே இருந்து பார்க்கிற கண்ணுக்கு வெளிர் நீலம் மட்டும்தான் உடம்பு. கருநீலம் நிழல் மாதிரி பின்னால் போய்விடும். பட்டை சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வெளியே தெரியாத ஜிப் வைத்தாள். அதைத் திறந்தால் டாப்ஸைத் தூக்காமலே பால் கொடுக்கலாம். பேன்ட்டில் நாடாவை உருவிவிட்டு, தையல் தழும்புக்கு மேலே நிற்கும்படி அகல எலாஸ்டிக் போட்டாள். பால் கசிந்தாலும் வெளியே தெரியாதபடி மார்புப் பக்கம் உள்ளே இரண்டு மடிப்புப் பருத்தித் துணி. நடுவில் மூன்று முறை குழந்தைக்காக எழுந்தாள். முதுகு விண்விண் என்று தெறித்தது. மாலை விளக்கு வைக்கும்போது இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மாட்டிப் பார்த்த வினோதினி கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். அழகாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. கையைத் தூக்கினாள், உட்கார்ந்தாள், மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். "போனக் குடு" என்றாள். சந்திரகலா தயங்கினாள். "அலாரம் வெக்கறதுக்குக்கா."

திங்கட்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு வெயிலோடு உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றியதும் தரையில் உட்கார்ந்து, ஜிப்பை இறக்கி, துப்பட்டாவுக்குள் எழிலை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையால் சோற்றைப் பிசைந்தாள்.

"யாரானா ஏதாவது சொன்னாங்களா?" சந்திரகலா தட்டில் ரசத்தை ஊற்றியபடி கேட்டாள்.

"ஒரு பெரியவர் வந்தாரு. நாலு வருஷமா என்கிட்டதான் வராரு. 'நீ புதுசாமா? முன்ன ஒல்லியா ஒரு பொண்ணு இருக்குமே, அது எங்க போச்சு?'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அது லீவுல போயிருக்குதுங்க, எப்ப வரும்னு தெரியாதுன்னேன்."

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் பார்வை தங்கையின் இடது பக்கத்தில் நின்றுவிட்டது. பட்டை சேரும் இடத்தில் ஒரு நூல் அளவுக்குச் சுருக்கம்.

"அதக் கழட்டிக் குடு. ரெண்டு நிமிஷம்."

"அக்கா, ஒண்ணே முக்காலுக்கு நான் சீட்டுல இருக்கணும். உன்னத் தவிர எவளும் அத கவனிக்க மாட்டா. விடு."

குழந்தை வாயை எடுத்துவிட்டுத் தூங்கியிருந்தது. வினோதினி அதை அக்கா மடிக்கு மாற்றி, ஜிப்பை ஏற்றி, துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்திக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினாள்.

"நாளைக்கு இன்னா போடறது?"

மெஷின் மேல் மற்ற இரண்டு டாப்ஸும், பச்சை மேலே இருக்க, மடித்த மடிப்போடு கிடந்தன. இரண்டும் முப்பத்தைந்துக்குத் தைத்தவை. மடியில் எழிலின் மூக்கு சளியில் உறுமிக்கொண்டிருந்தது.

"நீ போ" என்றாள் சந்திரகலா. "சாயந்தரம் வரும்போது அந்தப் பச்சைக்கு ரெண்டு ஜிப் வாங்கினு வா. பன்னெண்டு இஞ்ச். மறந்துடாத."

ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தையல்பிரிக்கும் ஊசியைத் தேடினாள்.